பால் எந்தப் பெட்டிக்குள் போகும்?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அறிவியல் விடைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். பால் எவ்வகைக் கலவை என்ற கேள்விக்குப் 'பலபடித்தானது' என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் அடித்து 'ஒருபடித்தானது' என்று திருத்தியிருந்தார்.

"தாத்தா வீட்டுல கறந்த பால அப்படியே வெச்சா மேல ஏடு மிதக்குதே மாமா, அப்புறம் எப்படி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லலாமென்று அவளுடைய பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். நாம் எல்லோரும் படித்த அதே படம். மேலே பருப்பொருள். கீழே இரண்டு கிளை: தூய பொருள், கலவை. தூய பொருள் தனிமம், சேர்மம் என்று பிரிகிறது. கலவை ஒருபடித்தானது, பலபடித்தானது என்று பிரிகிறது. மொத்தம் நான்கு பெட்டி. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் ஏதோ ஒரு பெட்டிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது போலவும், நாம் மனப்பாடம் செய்தால் போதும் என்பது போலவும் ஒரு தோற்றம்.

படம் தப்பு என்று நான் சொல்லவில்லை. எந்தச் சோதனையை வைத்துப் பிரித்தோம் என்பதை அது மறைத்துவிடுகிறது. என் குறை அதுதான்.

பாலையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஒரே வெள்ளை. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கொழுப்பு துளித்துளியாக மிதக்கிறது. கறந்த பாலில் பல துளிகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்துப் பங்கு வரை அகலம் உள்ளவை. சில பால் பாக்கெட்டுகளில் 'ஹோமோஜினைஸ்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். 'ஒருபடித்தானதாக்கிய' என்றுதான் அதற்குப் பொருள். செய்தது என்னவென்றால், அந்தத் துளிகளை அழுத்தம் கொடுத்து இன்னும் சின்னதாக உடைத்ததுதான். ஏடு மிதப்பது நிற்கும், துளிகள் போய்விடாது. ஆக, விடை எவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதற்காகவே கூழ்மம் என்று ஒரு வகை இருக்கிறது. அதே புத்தகத்தில் பின்னால் வருகிறது. ஆனால் இந்த நான்கு பெட்டிப் படத்தில் அதற்கு இடமில்லை.

'தனிமம்' என்ற பெட்டியும் ஆடாமல் நின்றதில்லை. லவாய்சியர் 1789-இல் வெளியிட்ட பட்டியலில் 33 எளிய பொருள்கள் இருந்தன. அதில் ஒளி உண்டு, வெப்பம் உண்டு, நம்ம ஊர்ச் சுண்ணாம்பும் உண்டு! அவருக்குத் தெரியாமல் இல்லை. இதுவரை எந்த வழியிலும் பிரிக்க முடியாததே தனிமம் என்றுதான் அவர் வரையறுத்தார். சுண்ணாம்பு ஒரு நாள் பட்டியலைவிட்டு வெளியேறும் என்றும் சந்தேகப்பட்டார். 1808-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தார். சுண்ணாம்பு மாறவில்லை, நம் கையில் இருந்த கருவி மாறியது.

சேர்மத்துக்கும் இதே கதைதான். தனிமங்கள் நிலையான விகிதத்தில்தான் சேரும் என்றார் புரூஸ்ட். இல்லை, விகிதம் மாறலாம் என்றார் பெர்த்தோலே. புரூஸ்ட் ஜெயித்தார், பாடப்புத்தகமும் அவர் பக்கம். ஆனால் ஓர் இரும்புக்கு ஓர் ஆக்சிஜன் என்று நாம் எழுதும் இரும்பு ஆக்சைடில், 100 ஆக்சிஜன் அணுவுக்கு இரும்பு அணு சுமார் 95தான், சில சமயம் அதற்கும் கீழே. தயாரிக்கும் நிலைமைக்கு ஏற்ப அந்த எண் மாறும். தோற்ற பெர்த்தோலேவுக்கும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்கலாம். இரும்பு ஆக்சைடு தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு வரி சேர்க்கலாமே? உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு தங்கும், ஆகவே கலவை. தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் தண்ணீர்தான், மின்சாரம் செலுத்தினால்தான் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும், ஆகவே சேர்மம். இப்படிச் சொன்னால் பிள்ளைகள் பெயரை மட்டுமல்ல, பெயர் வந்த வழியையும் பிடித்துக்கொள்வார்கள்.

ஏடு மிதப்பதைக் கண்ணால் பார்த்து எழுதிய பெண்ணுக்குப் போனது ஒரு மதிப்பெண். அது பெரிய நஷ்டமில்லை. அடுத்த தடவை பார்த்ததை எழுதாமல் படத்தில் இருப்பதை எழுதிவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

"அப்போ நான் எழுதினது சரியா மாமா?" என்றாள்.

"எதை வெச்சு சொன்னேன்னும் எழுதியிருந்தா இன்னும் சரி" என்றேன்.