பசாம் பாடிய தொண்டையில் பாலன் பாட்டு

பிள்ளைகள் கூடிப் பாடும் நத்தார்ப் பாட்டு எந்த ஊரிலும் இனிமைதான். ஆனாலும் மன்னார்ப் பெருநிலக் கரையில், விடத்தல்தீவு போன்ற கத்தோலிக்க மீனவ ஊர்களில் அதைக் கேட்டால் ஒரு தனி ருசி தட்டும். வரியின் கடைசி எழுத்தைப் பிள்ளைகள் சட்டென்று விட்டுவிடுவதில்லை. கொஞ்சம் இழுத்து, சின்னதாய் ஒரு வளைவு கொடுத்து, மூச்சு முடிகிற இடத்தில் இறக்கிவைக்கிறார்கள். கீபோர்ட் அடுத்த வரிக்குத் தாவிய பிறகும் குரல் பழைய வரியிலேயே ஒரு கணம் நிற்கும். வெளியூர் இசை ஆசிரியர் இதைப் பிழையென்று திருத்தக்கூடும். ரசிகருக்கோ இந்தக் கரையின் அடையாளமே அதுதான்.

இந்த இழுவை வந்தது தவக்காலத்திலிருந்து. மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களில் தவக்கால மாலைகளில் பசாம் படிப்பது நெடுநாள் வழக்கம். யேசுவின் பாடுகளை ஒருவர் இராகமாய் வாசிக்க, ஒப்பாரியும் புலம்பலும் இடையிடையே எழும். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார் இயற்றிய வியாகுலப் பிரசங்கமும் அந்த மரபில் ஊறிய நூல். தாயின் மடியிலும் பாட்டியின் பாயிலும் இருந்து அந்தப் புலம்பலைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, துக்கத்தின் மெட்டுத்தான் முதலில் காதில் ஏறுகிறது. மார்கழி வந்து மகிழ்ச்சியைப் பாடு என்றால், பசாமில் பழகிய அதே தொண்டையால்தான் அது பாடும். அதனால்தான் இங்கே பாலன் பிறப்புப் பாட்டில் துள்ளல் இருக்கும். துள்ளலுக்கு அடியில் ஒரு கனமும் இருக்கும். அந்தக் கனம் இல்லாத நத்தார்ப் பாட்டு வெறும் கைதட்டலாய்ப் போய்விடும்.

பாட்டு வீட்டுக்குள் வேர்விட்டதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பிரான்சிஸ் சவேரியாரின் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற மன்னார்க் கிறிஸ்தவர்களில் ஏறத்தாழ 600 பேர் 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். பின்னர் 1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமார் இருக்கமுடியாத நிலை. யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக் கரையில் இறங்கும்வரை, விசுவாசம் குடும்பச் செபமாகவும் செபமாலையாகவும் மனப்பாடப் பாட்டாகவும்தான் பிழைத்துக்கிடந்தது. அந்த அடிகளை 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடு மாதா கோயிலுக்கும் வந்தார். விடத்தல்தீவில் பிள்ளைகள் படிக்கிற மகா வித்தியாலயம் யோசேவ் வாசின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

மார்கழி மழைக்காலம். பாக்குநீரிணைப் பக்கக் கடல் கலங்கிக் கிடக்கும். தொழிலுக்குப் போகாத நாட்கள் அதிகம். தகப்பன்மார் வீட்டில் இருக்கிற இந்த நாட்களில்தான் பாலன் குடில் எழும்பும். கம்பும் கிடுகும் வைக்கோலும் கொண்டு கட்டும் குடில் இது. அசிசியார் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அமைத்த முதல் குடிலும் வைக்கோலும் மாடும் கழுதையுமாய் எளிமையாகத்தான் இருந்தது. குசினியில் பயற்றம் பணியாரமும் அரியதரமும் கொக்கிசும் பொரியும். பலகாரத் தட்டு மதம் பார்த்துப் போவதில்லை. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் அயலவர்கள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது, தட்டுப் போகிற வாசல்கள் பலவும் மூடிக்கொண்டன. போருக்குப் பின் சில திறந்திருக்கின்றன என்பது பெரிய ஆறுதல்.

இனி ஒளிவிழா. ஈழத்துப் பாடசாலைகளும் பங்குகளும் நத்தாருக்கு முன் நடத்தும் விழாவுக்கு அதுதான் பெயர். அதற்கான பழக்கம் மேடையை விட அழகானது. ரீச்சர் ஒரு வரியைப் பாடுவார். பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். வரி இறுகும்வரை அடுத்ததுக்குப் போகமாட்டார். இது கூத்து அண்ணாவியார் பாட்டுப் பழக்குகிற முறையேதான், தாளத்துக்குப் பதில் கைதட்டல் என்பதைத் தவிர. முன்வரிசையில் முதலாம், இரண்டாம் ஆண்டுச் சிறுசுகள் நிற்கும். அபிநயப் பாடல் என்றால் கைகள் வார்த்தைக்கு அரைத் தாளம் முந்திவிடும். நட்சத்திரம் என்று பாடுமுன்பே விரல்கள் கூரையைக் காட்டும். பின்வரிசையில் குரல் உடையத் தொடங்கிய பெடியன் ஒருவன் இருப்பான். மேல்சுருதியில் அவன் வாயை மட்டும் அசைப்பான். விவரமான ரீச்சர் அவனைக் கீழே இறக்கிவிடாமல் கையில் தபேலாவையோ ரம்பரீனையோ கொடுத்துவிடுவார். அந்தக் கணத்திலிருந்து பாட்டு நிமிர்ந்து உட்காரும்.

இந்தப் பாட்டுகளில் மிகச் சிறந்தவை தாலாட்டுகள். வேகமான கரோல்களில் பிள்ளைகள் உற்சாகத்தில் காலத்தை ஓட்டிக்கொண்டு போவார்கள். கீபோர்ட்காரர் பின்னால் ஓடுவார். தாலாட்டில் அப்படி ஓட இடமில்லை. நடை தொட்டிலாய் ஆட, தம்பி தங்கையைக் காலில் போட்டு ஆட்டிப் பழகிய பெண்பிள்ளைகள் அதைத் தம் அனுபவத்தால் பாடுகிறார்கள். மாட்டுத்தொழுவத்தில் பிறந்த பாலன் அந்தப் பாட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தையாகிவிடுவான்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். அண்மைக்காலமாகக் கரோக்கி இசைத்தடத்தைப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டு, அதற்கு மேல் பிள்ளைகளைப் பாடவிடும் வழக்கம் பரவுகிறது. வசதி உண்டுதான். ஆனால் இசைத்தடம் பிள்ளைக்காகக் காத்திராது. முதலில் அடிபடுவது வரிமுனையின் அந்த இழுவை. ஒரு ஆர்மோனியமும் ஒரு மத்தளமும் போதும். அவற்றை வாசிப்பவர் பிள்ளையின் மூச்சைப் பார்த்து வாசிப்பார்.

உலகமே பாடுகிற நத்தார்ப் பாட்டு ஒன்றும் இத்தகைய சிக்கனத்தில் பிறந்ததுதான். 1818ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்தின இரவில், ஒஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் என்ற ஆற்றங்கரை ஊரில் உதவிக் குருவான யோசப் மோர் எழுதிய வரிகளுக்கு மெட்டுப் போட்டவர் பிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர். இரண்டு குரல், ஒரு கித்தார், அவ்வளவே. கேட்டவர்களில் உப்பு ஏற்றிப் படகு விட்ட குடும்பங்கள் இருந்தன. பள்ளி ஆசிரியர்கள் ஒளிவிழாவுக்குப் பாட்டுக் கட்டுகிற விடத்தல்தீவுக்கு அந்த ஊர் அவ்வளவு தூரமில்லை. வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டில் தாய்மொழிக்கு வாசல் திறந்தபோது இங்கே பாடல்கள் வேகமாகப் பெருகின. ஏனெனில் இலத்தீன் பூசைக்கு வெளியே தமிழ்ப் பாட்டு ஏற்கெனவே தயாராக இருந்தது.

போர் அந்தத் தொடர்ச்சியைக் குலைத்தது. 2008 ஏப்ரலில் மடுமாதாவின் திருச்சொரூபமே பாதுகாப்புத் தேடி இதே கரையிலுள்ள தேவன்பிட்டிக் கோயிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. யூலை 16ஆம் திகதி விடத்தல்தீவு இராணுவத்தின் வசமானது. அவ்வருட நத்தார் இந்தக் கரையின் பல குடும்பங்களுக்கு வன்னியில், இடம்பெயர்ந்த கொட்டில்களில் வந்தது. திரும்பி வந்தவர்கள் கோயிலையும் பள்ளியையும் தூக்கி நிறுத்தியதோடு பாடகர் குழாத்தையும் நிறுத்தினார்கள். இன்று ஒளிவிழா கைத்தொலைபேசி வழியே கனடாவுக்கும் பிரான்சுக்கும் உடனுக்குடன் போகிறது. அங்கே பனிக்குள் இருந்து பார்க்கிற பெரியம்மா, பேத்தி எத்தனையாம் வரிசையில் நிற்கிறாள் என்று தேடுவார்.

பாட்டுக்காலம் நத்தாரோடு முடிவதில்லை. ஜனவரியில் மூவிராசாக்கள் திருநாள்வரை போகும். மாதோட்டக் கூத்து மரபின் பெருமைமிக்க நூல்களில் ஒன்று மூவிராசாக்கள் நாடகம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை 1966இல் பதிப்பித்தார். விவிலியம் சொல்லும் அந்தக் கதையில் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் உண்டு; பெத்லகேமின் குழந்தைகளைத் தேடி ஏரோது அனுப்பும் வாளும் உண்டு. விருத்தமும் தருவும் கொச்சகமுமாய் மூன்று அரசர்களும் ஏரோதும் பாடி மோதுகிற அந்த மரபைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி சுருக்கி, அரை மணித்தியாலத்துக்குள் ஒளிவிழா மேடையில் ஆடவைக்கலாம். அண்ணாவியாரிடம் மெட்டுக் கேட்டுப் பழகிய ஒரு ஆசிரியர் இருந்தால் போதும். காகித முடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒன்பது வயது ஏரோது ஒருவன் தரு பாட வாய் திறந்தால், சபையில் தாத்தாமார் காலால் தாளம் போடத் தொடங்கிவிடுவார்கள்.