வெக்கையிலிருந்து அசுரனுக்கு: நிலம் எங்கே போனது?

பூமணியின் 'வெக்கை' (1982) நாவலிலிருந்து வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) எவ்வளவு விலகிப்போச்சு என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. விலகி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே கேள்வி.

நாவலில் கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டுப் பதினைந்து வயது சிதம்பரம் ஓடுகிறான். மிச்சமெல்லாம் அய்யாவும் மகனும் ஒளிந்து திரிவது, பொங்கித் தின்பது, பேசுவது. வெட்டுக்குப் பிறகான நாட்களை எப்படிக் கழிப்பது என்பதுதான் கதை. பகைக்குக் காரணம் நிலம். ஆனால் சாதியின் பெயரைப் பிரதி உச்சரிப்பதே இல்லை.

படம் இந்த மௌனத்தை உடைக்கிறது. பஞ்சமி நிலம், செருப்புப் போட்டதற்காக அவமானப்படும் பெண், கொளுத்தப்படும் குடிசைகள் என்று தந்தைக்குப் புதிதாக ஒரு முன்கதை கட்டுகிறது. அந்தத் தீயைப் பார்க்கிறவனுக்கு 1968இல் 44 பேர் எரிந்த கீழவெண்மணி ஞாபகம் வராமல் போகாது. தனுஷை வைத்து எடுத்த ஒரு வெகுஜனப் படம் 'பஞ்சமி' என்ற சொல்லைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தது சின்ன விஷயமில்லை.

ஆனால் அதற்கு இரண்டு விலை. ஒன்று, சிறுவனின் செயல் தந்தையின் வீரத்துக்குள் சுருங்கிவிடுகிறது. நாவலில் இருவரும் சேர்ந்தே சரணடையப் போகிறார்கள். படத்தில் தந்தை பழியைத் தானே ஏற்று, மகனுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டாவது, அந்தப் புத்திமதியேதான். நிலம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது. ஆகவே படி என்கிறார்.

படிப்பு வேண்டாம்னு யார் சொன்னது? பஞ்சமி என்பது 1892இன் பிரிட்டிஷ் அரசாணைப்படி ஒதுக்கப்பட்ட, தலித் அல்லாதார் கைக்குப் போகக்கூடாது என்று நிபந்தனை எழுதப்பட்ட நிலம். அதைப் பிடுங்கியது குற்றம். முன்கதையில் குற்றமாக இருந்த அதே பறிப்பு, கடைசிக் காட்சியில் மழை வெயில் மாதிரி இயற்கையாகிவிடுகிறது. பறித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வி, பறிகொடுத்தவன் பிள்ளைக்கு வீட்டுப்பாடமாகிறது.

1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் கேட்டது நிலத்தை. 'வெக்கை'யின் குடும்பமும் நிலத்தை விட்டுக்கொடுக்காததால்தான் மகனைப் பறிகொடுத்தது. சாதியைச் சொல்லாத நாவல் நிலத்தைக் கைவிடவில்லை. சாதியைச் சொன்ன படம், சொல்லி முடித்த கையோடு நிலத்தை விட்டுவிட்டது.