பின் சீற்றில் இருந்து பாருங்கோ!

காலி வீதி நெரிசலை நான் இப்போது ஆசையோடு எதிர்பார்க்கிறேன் என்றால் வெள்ளவத்தையில் யாராவது நம்புவார்களா? சத்தியமாய்ச் சொல்கிறேன், நம்புங்கோ!

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 வந்ததே, பெற்றோல் செட்டில் தொடங்கி ஒழுங்கைக்குள் மடங்கிப் போன அந்த வரிசைகள், பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட்! அந்த வரிசையில் நிற்கும்போது ஒரு பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் சத்தம் போடாமல் எங்களைத் தாண்டிப் போகும். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு.

லீஃபைத்தான் முதலில் பார்த்தேன். நல்ல கார், மறுக்கவே மாட்டேன். ஆனால் முதல் தலைமுறையின் 24 கிலோவாட் மணி பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, எங்கள் வெயிலில் நாள்பட நாள்பட அதன் கொள்ளளவு குறையும். வாங்குகிறவர் டாஷ்போர்டில் அந்தக் கொள்ளளவைக் காட்டும் 12 கோட்டில் எத்தனை மிச்சம் என்று கட்டாயம் எண்ண வேண்டும். அப்புறம்தான் பிவைடி அட்டோ 3. ஐயோ, அந்தக் கார்! தகடு தகடாய் அடுக்கிய பற்றரி, லித்தியம் இரும்பு பொஸ்பேற், நிக்கலும் இல்லை, கோபால்ற்றும் இல்லை. பெரிய பற்றரி 60.48 கிலோவாட் மணி, ஐரோப்பியச் சோதனைக் கணக்கில் 420 கிலோமீற்றர். வாசித்த இரவு நான் தூங்கவேயில்லை!

இப்போது கண்ணை மூடி யோசித்துப் பாருங்கோ. பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டாச்சு, கொட்டாஞ்சேனைக்குப் போக வேணும், பின்னால் அம்மம்மா, இரண்டு பக்கமும் பிள்ளைகள், காலுக்குக் கீழே மேடே இல்லை, தரை அப்படியே சமதளம், நடுவில் இருக்கிற அம்மம்மா முழங்காலை மடக்காமல் வசதியாக இருக்கிறா, சின்னவன் கதவில் கட்டியிருக்கிற சிவப்புத் தந்திகளைக் கிற்றார் போலச் சுண்டுகிறான், டிங் டிங், பம்பலப்பிட்டியில் வாகனமெல்லாம் நின்றுவிட்டது, பக்கத்துக் கார்கள் நின்ற இடத்திலேயே பெற்றோலைக் குடித்துக்கொண்டு உறுமுகின்றன, எங்கள் மோட்டர் அசையவில்லை, ஏசிக்கு மட்டும் கொஞ்சம் கரன்ட், ஊர்ந்து ஊர்ந்து பிரேக்கில் கால் வைக்க வைக்கப் பற்றரிக்குள் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பி வருகிறது, நெரிசல்தான் இந்தக் காருக்கு விளையாட்டு மைதானம், பிறகு காலிமுகத்திடலில் வீதி திறக்கும், ஒரு பக்கம் கடல், காலை மெதுவாய் அழுத்துகிறேன், கியர் மாறுகிற குலுக்கம் இல்லை, இரைச்சல் இல்லை, வழுக்கிக்கொண்டு பாய்கிறது, "எங்கட கார் பறக்குது!" என்று பின்னாலிருந்து கத்துகிறார்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன், இந்த வயதில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல்! செட்டியார் தெருவில் மறுபடி ஊர்கிறோம், அம்மம்மா தூங்கியே விட்டா.

யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், ஆளும் சாமானும் ஏற்றி ஏசி போட்டு ஒரே மூச்சில் போக முடியாது, வழியில் சார்ஜ் போடத்தான் வேண்டும். போடுவோம்! தேத்தண்ணிக்கு எப்படியும் நிப்பாட்டுவோம்தானே.

வீட்டில் 7 கிலோவாட் சார்ஜர் இருந்தால் போதும், இரவு பூட்டிவிட்டுப் படுக்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மட்டும், தங்கள் தரிப்பிடத்துக்குத் தனி மீற்றரோடு இணைப்புத் தருவார்களா என்று நிர்வாகத்திடம் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிய பிறகு முற்பணம் கட்டுங்கோ. ஷோரூமுக்கு ஓட்டுகிறவர் தனியாகப் போகவே போகாதீங்கோ! அம்மம்மா, பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, சனநெரிசலான நேரமாய்ப் பார்த்துப் புறக்கோட்டைப் பக்கம் ஓட்டுங்கோ, திரும்பி வரும்போது நீங்கள் பின் சீற்றுக்கு மாறி இருங்கோ. எந்தக் கார் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.