கோடும் வெள்ளைத்தாளும்

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் (1869-1954) 1930களில் வரைந்த மைக்கோட்டோவியங்களில், பூவேலை செய்த ருமேனியச் சட்டை அணிந்து அமர்ந்திருக்கும் பெண்ணைக் காண்போருள் சிலர், “இதை நம் பள்ளிப் பிள்ளையும் வரைந்துவிடுமே!” என்பர். நிழலிட்ட இடம் ஒன்றும் இல்லை. மெல்லிய கோடுகளே உள்ளன.

எளிமை வேறு, எளிது வேறு. பேனாவைத் தொடுமுன் அவர் கரிக்கோலால் வரைந்தும் அழித்தும் அவ்வுருவைப் பயின்றார். 1939இல் எழுதிய கட்டுரையில் தாமே இதனை விளக்கியுள்ளார். மையோ இட்டபின் அழியாது. தோளினின்று ஒரே மூச்சில் இறங்கி முழங்கையில் திரும்பும் கோட்டைப் பாருங்கள். இருபுறமும் ஒரே வெள்ளைத்தாள்தான். ஆயினும் உட்புறம் உடலாகவும் வெளிப்புறம் வெளியாகவும் தோன்றுகிறது. நிழலின்றியே திரட்சி வந்துவிட்டது.

குறையும் உண்டு. சட்டைப் பூவுக்குக் கிடைத்த பரிவு முகத்துக்குக் கிடைக்கவில்லை. கண்ணும் வாயும் சில கீற்றுகளே. எண்வகை மெய்ப்பாடு வகுத்த தொல்காப்பியரைக் கற்ற நம் கண்ணுக்கு இஃது ஏமாற்றமே. உணர்ச்சி முகத்தில் மட்டுமன்று, படத்தின் அமைப்பு முழுவதிலும் உறைகிறது என்று மத்தீஸ் 1908ஆம் ஆண்டிலேயே எழுதினார். கை, தோள், மடிப்பு எல்லாம் சேர்ந்து பேசும் படங்களுக்கு அவ்விடை பொருந்தும். வெறுந்தாளாகவே நின்றுவிட்ட முகங்களும் அவற்றுள் உள.