சான்று காட்டுதலும் துணைநூற்பட்டியலும்: விழுப்புரம் வட்டாரக் கல்வெட்டுகளை முன்வைத்து

தமிழ் ஆய்வுக் கட்டுரைகளின் இறுதியில் 'துணைநூற்பட்டியல்' அல்லது 'பார்வை நூல்கள்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இடம்பெறும். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஒவ்வோர் இயலின் முடிவிலும் 'சான்றெண் விளக்கம்' தருவது வழக்கம். கட்டுரையாளர் சொல்லும் செய்தி எங்கிருந்து வந்தது என்பதை வாசகர் தாமே சென்று பார்த்துக்கொள்ள இவை வழிகாட்ட வேண்டும். அண்மைக்காலக் கட்டுரைகள் பலவற்றில் பட்டியல் நீண்டிருக்கிறது, வழி மட்டும் இல்லை. காற்புள்ளி, அடைப்புக்குறி, சாய்வெழுத்து எல்லாம் விதிப்படி அமைந்திருக்கின்றன. ஆனால் அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால் குறித்த செய்தியைத் தேடி எடுக்க முடிவதில்லை.

பணி ஓய்வுக்குப் பின், எங்கள் பகுதி மாணவர்கள் சிலர் பிழை திருத்தக் கொண்டுவரும் கட்டுரைகளைப் படித்துவருகிறேன். விழுப்புரம், திண்டிவனம் வட்டார வரலாறு அவற்றில் அடிக்கடி வரும் பொருள். அவற்றில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் இரண்டு செய்திகளைக் கொண்டு இக்குறையை இங்கே பார்க்கலாம்.

எண்ணாயிரம்

விழுப்புரத்துக்கு வடக்கே உள்ள சிற்றூர் எண்ணாயிரம். அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. மாணவர்களுக்கு உணவும் கல்வியும் அளிக்க 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. மாணவர் தொகை 340. இவர்களில் இளநிலையில் 270 பேர், மேல்நிலையில் 70 பேர். ஆசிரியர்கள் 14 பேர்.

இச்செய்தி 'எண்ணாயிரம் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் இன்று பல கட்டுரைகளில் இடம்பெறுகிறது. அவற்றின் சான்றுக் குறிப்பைப் பார்த்தால் ஓர் இணையப் பக்கம் இருக்கும். அந்த இணையப் பக்கத்துக்கு ஒரு நாளிதழ்க் கட்டுரை சான்றாக இருக்கும். நாளிதழ்க் கட்டுரைக்குச் சான்றே இராது. சில கட்டுரைகளில் 'கல்வெட்டு கூறுகிறது' என்பதோடு சரி.

இதற்குரிய முறையான குறிப்பு மிகச் சிறியது: தென்னிந்தியக் கல்வெட்டு ஆண்டறிக்கை, 1917ஆம் ஆண்டின் 333ஆம் எண். கல்வெட்டுத் துறையினர் ஒவ்வோர் ஆண்டும் படியெடுத்த கல்வெட்டுகளுக்கு வரிசையாக எண் கொடுத்து அறிக்கை வெளியிட்டனர். எனவே இங்கு 1917 என்பது படியெடுத்த ஆண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் '1917ஆம் ஆண்டுக் கல்வெட்டு' என்று எழுதிய கட்டுரையையும் படித்திருக்கிறேன். இராசேந்திரன் ஆட்சி 1044இல் முடிந்துவிட்டது.

இந்த எண்ணைப் பிடித்துச் செல்பவருக்குக் கிடைப்பது 340 என்ற தொகை மட்டும் அன்று. இளநிலையில் இருக்கு வேதத்துக்கு 75 பேர், யசுர் வேதத்துக்கு 75 பேர், ரூபாவதாரம் என்னும் வடமொழி இலக்கண நூலுக்கு 40 பேர் என்று பாடவாரியாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. மேல்நிலையில் வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லுக்கும் கணக்கு உண்டு. ஆக இது அரசனின் ஆதரவில் நடந்த வேதக் கல்லூரி. பல்கலைக்கழகம் என்பது இக்காலத்து எழுத்தாளர்கள் இட்ட பெயர். 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் அனைவருக்கும் உயர்கல்வி' என்று எழுதும் மாணவர் பொய் சொல்ல நினைப்பதில்லை. அவர் படித்த பக்கத்தில் பாடப்பட்டியல் இல்லை. சான்று சரியாக இருந்திருந்தால் அவரே அதைக் கண்டு வேறு விதமாக எழுதியிருப்பார்.

இன்னொரு குழப்பத்துக்கும் இடமுண்டு. புதுச்சேரி - விழுப்புரம் சாலையில் உள்ள திருபுவனையிலும் இதேபோன்ற கல்லூரி இருந்தது. முதலாம் இராசாதிராசன் காலத்தைச் சேர்ந்த அக்கல்வெட்டில் 260 மாணவர், 12 ஆசிரியர், 72 வேலி நிலம். இரண்டு ஊர்களும் அருகருகே, காலமும் சற்று முன்பின். கல்வெட்டு எண் இல்லாத கட்டுரையில் ஓர் ஊரின் தொகை மற்றோர் ஊருக்குப் போய்விட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

காணாததைக் கண்டதாக எழுதுதல்

மேற்படி விவரங்களைப் பெரும்பாலோர் அறிந்துகொண்டது கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றிலிருந்து. அந்நூல் முதலில் 1935லும் 1937லும் இரு பகுதிகளாக வந்தது. 1955இல் திருத்திய பதிப்பு ஒரே நூலாக வந்தது. பிறகு தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இம்மூன்றிலும் பக்க எண்கள் வேறு. 'சோழர்கள், ப. 630' என்று மட்டும் எழுதினால் எந்தப் பதிப்பில் தேடுவது?

இதைவிடப் பெரிய குறை, சாஸ்திரியைப் படித்துவிட்டு அவருடைய அடிக்குறிப்பில் உள்ள ஆண்டறிக்கை எண்ணை மட்டும் பெயர்த்தெடுத்துத் தாமே ஆண்டறிக்கையைப் பார்த்ததுபோல் எழுதுவது. இது எளிதில் அகப்படாது என்பதால் பரவலாக நடக்கிறது. ஆனால் சில சமயம் ஊர்ப்பெயரே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பகுதி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டம். அவ்வாண்டு விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவலூர் அதில் சேர்ந்தது. இன்று எழுதும் ஒரு மாணவர் தம் நடையிலேயே 'தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவலூரில்' என்று எழுதினால், அவர் எந்தக் காலத்து நூலைப் பார்த்து எழுதுகிறார் என்பது தெரிந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு எளிது. 'ஆண்டறிக்கை எண் 333/1917. எடுத்தாண்டவர் நீலகண்ட சாஸ்திரி' என்று இரண்டையும் எழுதிவிடலாம். நேரில் பார்க்கவில்லை என்று சொல்வதில் இழிவு ஏதுமில்லை. மூலத்தைப் பார்க்க விரும்புபவருக்கு எண் கிடைக்கிறது, தவறு இருந்தால் அது யாரிடத்தில் நுழைந்தது என்பதும் தெரிகிறது.

கபிலர் குன்றும் உரைவேந்தரும்

இரண்டாவது செய்தி கபிலரின் முடிவு பற்றியது. திருக்கோவலூரில் தென்பெண்ணையாற்றில் உள்ள கபிலர் குன்றைப் பற்றி எழுதுபவர்கள், பாரி இறந்தபின் அவன் மகளிரை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் இங்கே உயிர் துறந்தார் என்று எழுதுகிறார்கள். சிலர் வடக்கிருந்தார் என்பர், சிலர் தீப்பாய்ந்தார் என்பர். பலர் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி 'புறநானூறு' என்று பொதுவாகச் சான்று காட்டிவிடுகிறார்கள்.

தீயில் புகுந்தார் என்பது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டுச் செய்தி. அது முதலாம் இராசராசன் காலத்தது, தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஏழாம் தொகுதியில் 863ஆம் எண்ணாக அச்சாகியுள்ளது. கபிலர் சங்க காலத்தவர். இடைவெளி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. கல்வெட்டுக்குக் காலத்தையும் எண்ணையும் கொடுத்துவிட்டால், இது நேரில் கண்டவர் வாக்கு அன்று, சோழர் காலத்தில் இவ்வூர் மக்களிடம் வழங்கிய நினைவு என்பது வாசகருக்கு உடனே புலப்படும். 'கல்வெட்டே கூறுகிறது' என்று எழுதினால் கல்லில் இருப்பதாலேயே அது உறுதியானது என்ற மயக்கம் உண்டாகிறது.

இதில் நம் பகுதிக்காரர் ஒருவரே நல்ல முன்மாதிரி. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஔவையார்குப்பத்தில் பிறந்த உரைவேந்தர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை, புறநானூற்று உரையில் ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் விளக்கும்போது கல்வெட்டுகளை எடுத்துக்காட்டி, அங்கேயே ஆண்டறிக்கை எண்ணையும் தருகிறார். இலக்கிய உரை எழுதும் புலவர் ஒருவர் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் எடுத்துக்காட்டியதோடு நிற்காமல் பார்க்கவும் வழி செய்திருக்கிறார். அவ்வுரையிலிருந்து செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணை விட்டுவிடும் கட்டுரைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எட்டு எழுத்து, ஒரு வரி. அதை எழுதக் கை வலித்தா விட்டார்கள்?

தொல்காப்பியர் 2003

ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. என்னும் அமெரிக்க முறைகளைப் பின்பற்றுமாறு ஆய்விதழ்கள் இப்போது கேட்கின்றன. (எம்.எல்.ஏ. முறை என்றதும் தொகுதி அலுவலகத்தை நினைத்த மாணவரும் உண்டு.) ஆசிரியர் பெயரும் ஆண்டும் முன்னால் வரும் முறை, இக்காலத்து நூல்களுக்குப் பொருத்தமானதுதான். இதை அப்படியே பழந்தமிழ் நூல்களுக்குப் பூட்டும்போது 'தொல்காப்பியர் (2003)', 'கபிலர் (2007)' என்ற விந்தைகள் பிறக்கின்றன. 2003 என்பது கையில் கிடைத்த மலிவுப் பதிப்பின் மறுஅச்சு ஆண்டு. அதனால் வாசகருக்கு ஒரு பயனும் இல்லை.

தேவைப்படுவது வேறு. சங்கப் பாடல்களுக்குப் பாட்டெண் போதும். 'புறம். 192' என்றால் உ. வே. சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் பதிப்பிலும் பார்க்கலாம், நேற்று வந்த பதிப்பிலும் பார்க்கலாம். நீண்ட பாட்டுகளுக்கு அடியெண் சேர்க்க வேண்டும். தொல்காப்பியத்துக்கு நூற்பா எண் மட்டும் போதாது, இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் சில இடங்களில் நூற்பாக்களை வேறு வேறாகப் பிரிப்பதால் எண் மாறும். உரையாசிரியர் பெயரும் வேண்டும். கம்பராமாயணத்தில் பாட்டுத் தொகையே பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகிறது, அங்கே பதிப்பைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லிப் பயனில்லை. பாடவேறுபாடு பற்றிப் பேசுவதானால் பதிப்பாசிரியர் பெயரும் முதற்பதிப்பு ஆண்டும் கட்டாயம்.

பழியை அமெரிக்கர் மேல் போட முடியாது. பழைய நூல்களுக்குப் பக்க எண்ணுக்குப் பதிலாக இயல், செய்யுள், அடி எண்களைத் தரலாம் என்று ஏ.பி.ஏ. விதிகளிலேயே இருக்கிறது. மறுபதிப்புக்கு முதற்பதிப்பு ஆண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. இங்கே அதைக் கொண்டுவந்தவர்கள் காற்புள்ளி எங்கே என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சான்று காட்டுவதே மேலைநாட்டு வழக்கம், நம் உரையாசிரியர்கள் நூற்பெயர் சொல்லாமலேயே மேற்கோள் தந்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அவர்கள் கற்றோர் வட்டத்துக்குள் எழுதினார்கள், மாணாக்கருக்கு அப்பாட்டுகள் மனப்பாடம். அந்த வட்டம் கலைந்தபின் என்ன ஆயிற்று என்பதற்கு உ.வே.சா. பதிப்புகளே சாட்சி. ஒவ்வொரு மேற்கோளும் எந்த நூலினது என்று தேடிப் பட்டியலிட்ட அவர், இடம் தெரியாதவற்றை 'விளங்கா மேற்கோள்' என்று தனியே வைக்க நேர்ந்தது. மறுபக்கம், உரையாசிரியர்கள் நூற்பெயரைக் குறித்த இடங்களால்தான் பல நூல்கள் இருந்தன என்பதே நமக்குத் தெரிகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற தம் நூலை எழுதியது பெரும்பாலும் அத்தகைய குறிப்புகளைத் திரட்டித்தான்.

விழுக்காடும் பெயரும்

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகள் வெளியிட்டது. பிற எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. உரிய முறையில் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அக்கணக்கில் சேரா. நோக்கம் நல்லது. நடைமுறையில் மாணவர்களின் கவனம் முழுவதும் விழுக்காட்டைக் குறைப்பதில் போய்விட்டது. 'கல்லூரி' என்றிருப்பதைக் 'கல்விக்கூடம்' ஆக்கி, வாக்கியத்தைப் புரட்டிப்போட்டால் மென்பொருள் விட்டுவிடுகிறது. செய்தியைத் தந்தவரின் பெயரும் அதோடு போய்விடுகிறது. சொல்லை அப்படியே எடுத்தால்தான் சான்று வேண்டும், கருத்தை எடுத்தால் வேண்டாம் என்றொரு தவறான எண்ணம் இதனால் வேரூன்றியுள்ளது. பொய்யான பக்க எண்ணைப் பிடிக்கும் மென்பொருளோ இல்லை. அதை வழிகாட்டியும் தேர்வாளரும்தான் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

பட்டியல் அமைப்பில் இன்னும் சில தமிழுக்கே உரிய சிக்கல்கள். நம் முன்னெழுத்து குடும்பப் பெயரன்று, தந்தை பெயரோ ஊர்ப்பெயரோ ஆகும். 'மு. வரதராசன்' என்பதை 'வரதராசன், மு.' என்று மாற்றினால் இடர் இல்லை. 'மயிலை சீனி. வேங்கடசாமி' என்பதில் மயிலை ஊர், சீனி. தந்தை பெயரான சீனிவாசனின் சுருக்கம். இதை 'வேங்கடசாமி, ம. சீ.' என்று சுருக்கினால் விதி நிறைவேறும், ஆனால் ஆளை யாருக்கும் தெரியாது. 'வேங்கடசாமி, மயிலை சீனி.' என்று முழுமையாக எழுதுவதே தக்கது.

கணினியில் அகரவரிசைப்படுத்தும்போதும் கவனம் வேண்டும். ஒருங்குறி அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன-வும், ர-வுக்கு அடுத்து ற-வும் வைக்கப்பட்டுள்ளன. எழுத்தின் குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள் அறவாணனை முன்னும் அழகப்பனைப் பின்னும் வைக்கும். நம் நெடுங்கணக்கில் ழ முந்தியது, ற பிந்தியது. ஜ அந்த அட்டவணையில் ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் நிற்கிறது, நம் அகராதிகளிலோ கிரந்த எழுத்துகள் இறுதியில் வருவதே வழக்கம். தமிழ் வரிசை அறிந்த மென்பொருளாயினும் எழுத்துக்கூட்டல் மாறுபாட்டைச் சரிசெய்யாது. சாஸ்திரி, சாத்திரி, சாசுதிரி என்று மூன்று விதமாக எழுதியதால், ஒரே பட்டியலில் நீலகண்டர் மூவராகி மூன்று நூல் எழுதியவராய் நின்ற கட்டுரை ஒன்று சென்ற மாதம் கைக்கு வந்தது. மூன்றும் அந்த ஒரே சோழர் வரலாறு.