குறத்தி பிடித்த கை

சமயப் பாட்டென்பது கோயிலில் பாடி, கோயில் வாயிலிலேயே விட்டுவரத்தக்க பொருள் என்று எண்ணுவோர் நம்மவருள் பலர். ஏற்றம் இறைப்போன், மரம் அறுக்கும் தச்சன், குறி சொல்லும் குறத்தி ஆகியோர் வாய்மொழியிலேயே கிறிஸ்து சமயத்தைச் சிந்தித்த புலவர் ஒருவர் தஞ்சையில் வாழ்ந்தார். அவரே வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). நீதிநூல் பாடிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வேறொருவர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராக்கிப் பேசுவோர் இன்றும் உளர்.

பாளையங்கோட்டையில் பிறந்த சாஸ்திரியாரை ஷுவார்ட்ஸ் பாதிரியார் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். அப்பாதிரியாரிடமே பயின்ற சரபோஜி 1798-இல் அரசேறினார். புலவருக்கு அரண்மனை ஆதரவும் கிடைத்தது.

அவர் இயற்றியவற்றுள் தலையாயது பெத்தலேகம் குறவஞ்சி. தலைவனை எண்ணித் தலைவி வாடுவதும், குறத்தி வந்து அவள் கைபார்த்துக் குறி சொல்வதும், குறவன் பறவை பிடிப்பதும் குறவஞ்சிக்கு உரிய மரபு. சாஸ்திரியார் அம்மரபைக் குலைக்கவில்லை. தலைவன் பெத்தலேகம் நாதன், தலைவி திருச்சபை, குறத்தி விசுவாசம், குறவன் வேதம் போதிப்பவன், அவன் வலையில் விழும் பறவைகள் மனித ஆன்மாக்கள். ஐரோப்பியர் வழியே கற்ற புதிய வானநூலையும் பூகோளத்தையுங்கூட அவர் இப்பாட்டுக்குள் கொணர்ந்தார். பெயர்ப் பட்டியல்கள் சிலவிடங்களில் நம்மை அயர்த்துகின்றன என்பது உண்மையே. ஆயினும் தெருவில் கூடை சுமந்து திரியும் ஒருத்தியிடம் விசுவாசத்தின் வேடத்தை ஒப்படைத்த துணிவு சிறிதன்று. ஞான ஏற்றப்பாட்டும், ஞானத்தச்ச நாடகமும், ஞான நொண்டி நாடகமும் இவ்வழியிற் பிறந்தவையே. உழைப்போன் மூச்சுக்கு இசைந்த மெட்டில் அவன் சமயத்தையும் வைப்பதே இவற்றின் நோக்கம். உபதேசியின் பிரசங்கம் தூக்கத்தைத் தருமிடத்தில் ஏற்றப்பாட்டு கையையும் காலையும் இயக்கும்.

இவ்வளவும் புகழ்ச்சி. இனிப் புகழ்வோர் பலரும் கூறாது விடும் பகுதிக்கு வருவோம்.

ஷுவார்ட்ஸ் மறைவுக்குப் பின் வந்த புதிய பாதிரிமார், கோயிலில் ஜாதிக்கோர் இடமென்று பிரிந்து அமர்வதையும், திருவிருந்தில் வேறுபாடு காட்டுவதையும் ஒழிக்க முற்பட்டனர். வேளாளராகிய சாஸ்திரியார் அதனை வன்மையாக எதிர்த்தார். ஜாதியைத் திருத்துவது பைத்தியம் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 1829-இல் அவரும் அவரைச் சார்ந்தோரும் எழுதிவைத்த முறையீடு இருக்கிறது. அதில் தமிழ் வேதப் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுவது, தமிழ்க் கீர்த்தனைகளை நிறுத்துவது, விழாக்களில் பூவை விலக்குவது, ஜாதிகளை ஒன்றாக்குவது ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் கொடுமைகளாகக் காட்டப்படுகின்றன.

பாட்டைப் பற்றிய அவர் குறை முற்றும் நியாயம் என்போம். தமிழன் தன் கடவுளைத் தன் இராகத்தில் பாடக்கூடாதென்று தடுப்பதற்கு எந்தப் பாதிரிக்கும் உரிமையில்லை. ஆனால் மெட்டு வேறு, மனிதனைத் தள்ளிவைத்தல் வேறு. இரண்டையும் ஒரே நூலிற் கட்டி, ஒன்றைக் காக்க மற்றதையும் காக்கவேண்டுமென்று வாதிட்டது புலவர் செய்த அநீதி. ஜாதி உலக வழக்கமேயன்றிச் சமயத்தோடு சேர்ந்ததன்று என்பது அவர் தரப்பு வாதம். உலக வழக்கமாயின் அதற்கு ஆராதனையில் இடமேன் என்று நாம் கேட்கிறோம். நாற்று நடுமிடத்தையும் தச்சுப் பட்டறையையும் சமயத்தோடு சேர்த்தவரே அவர். உட்காருமிடத்தை மட்டும் எப்படிப் பிரித்தார்?

இதற்கு விடை தேடி நாம் வேறு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. அவர் குறவஞ்சியே எதிர்ச்சாட்சி சொல்கிறது. பாட்டில் குறத்தி தலைவியின் கையைப் பற்றிக் குறி சொல்கிறாள். தலைவி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறத்தியே உடல்கொண்டு தஞ்சைக் கோயிலுக்குள் வந்திருந்தால், புலவர் வேண்டிய ஏற்பாட்டின்படி அவளுக்குத் தலைவியின் அருகில் இடமில்லை. உருவகத்தில் தொடலாம், உண்மையில் தொடலாகாது என்பது எவ்வகை விசுவாசம்? நூலாசிரியரைவிட நூல் பெரிதாகிப்போன இடம் இது. நல்ல கவிதை தன்னைப் பாடியவனையே சில வேளை கூண்டிலேற்றிவிடுகிறது.

இதுகொண்டு சாஸ்திரியார் பாட்டுகளை ஒதுக்கவேண்டும் என்பாரும் உண்டு. 1829-ஐப் பேசாமல் பாட்டை மட்டும் பேசலாம் என்பாரும் உண்டு. முன்னவர் குறத்தியை இழக்கிறார். பின்னவர் அவளுக்கு இடமில்லையென்று சொன்னவர் பக்கம் சேர்கிறார்.

கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் கோயில்களில் ஜாதி வேற்றுமை ஒழியவேண்டுமென்று கட்டளையிட்டபோது, அதை ஏற்க மனமின்றி வெளியேறியோர் பலர். இருபது ஆண்டு கழித்து, 1853-இல், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் பாதிரியார் பதிப்பித்த கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியார் பாட்டுகள் இடம்பெற்றன. அவை பின்னர்க் கடல்கடந்த தமிழ்க் கிறிஸ்தவர் வாயிலும் ஒலித்தன. அவற்றைப் பாடியோருள், அவர் தனியே அமர்த்த விரும்பியவர்களின் பேரன் பேர்த்திகளும் இருந்தனர்.