தாங்கக்கூடிய நட்டம்

முயற்சியாண்மை பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை முதலாளிமாருக்குச் சூட்டப்பட்ட புகழ்மாலைகளே. பேராசிரியை சரஸ் சரஸ்வதியின் ஆய்வுகளை அவ்வரிசையிற் சேர்த்துவிட முடியாது. அமெரிக்காவின் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்து டார்டன் வணிகக் கல்லூரியின் பேராசிரியையான இவர், பொருளியலுக்கான நோபல் பரிசை 1978இற் பெற்ற ஹேர்பர்ட் சைமனின் மாணவி.

தொழில்களைத் தொடங்கி வளர்த்த 27 பேரிடம் ஒரே கற்பனைப் பிரச்சினையைக் கொடுத்து, அவர்கள் சிந்திப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். அதிலிருந்து பிறந்த கோட்பாடு 2001இற் கட்டுரையாகவும் 2008இல் நூலாகவும் வெளிவந்தது. இன்ன கறிதான் என்று முடிவுசெய்து சாமான் வாங்கப் போவது ஒரு வழி; அடுப்படியில் உள்ளதைப் பார்த்துக் கறி வைப்பது மற்றொரு வழி. தேர்ந்த முயற்சியாளர் பின்னதையே நாடுகின்றனர் என்பது அவர் முடிவு. வரப்போகும் இலாபத்தைக் கணிப்பதிலும், எவ்வளவு இழந்தாற் தாங்கலாம் என்பதையே அவர்கள் முதலிற் பார்க்கின்றனராம்.

தீர்க்கதரிசி முதலாளி என்ற மாயையை இவ்வாய்வு உடைத்திருப்பதை நாம் வரவேற்கிறோம். கையிருப்பையும் அறிமுகத்தையும் நம்பி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வைத்தோருக்கு இவ்வுண்மை புதிதன்று.

ஆயினும், பொரளையிலிருந்து வாசிக்கும் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது: நட்டத்தின் எல்லையை வகுப்பவர் யார்? 1983 ஜூலை 24 இரவு, கனத்தை மயானத்திற் கூடிய கூட்டத்திலிருந்து கிளம்பிய வன்முறை, பொரளையில் தமிழர் கடைகளையும் வீடுகளையும் எரித்து, நகரெங்கும் பரவியது. கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. காவல் செய்யவேண்டிய அரசு காவல் செய்யவில்லை. கடை எரிந்தவனிடம் அவனால் தாங்கக்கூடியது எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை. எதிர்காலத்தை ஆள முடிந்தவனுக்கு அதைக் கணிக்கும் தேவையில்லை என்கிறது கோட்பாடு. ஆளும் அதிகாரம் பிறர் கையில் இருக்கும்போது அது மௌனமாகிவிடுகிறது.

மற்றொரு குறையும் உண்டு. கேட்கப்பட்ட 27 பேரும் தொழில் நிறுவியவர்கள். கூலி பெறுவோர் ஒருவருமில்லர். முதலாளி தன் இழப்பை அளந்துகொண்டு இறங்குகிறான். கடை மூடப்பட்டாற் சிப்பந்தி இழக்கும் சோறு அவன் கணக்கில் ஏறுவதில்லை. 1983இல் ஆலைகள் எரிந்தபோது அங்கு உழைத்த சிங்களத் தொழிலாளரும் வேலையிழந்து நின்றனர் என்பதை மறத்தலாகாது.

வணிகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கோட்பாட்டை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லட்டும். கூடவே, யாருடைய நட்டம், யாரால் வந்த நட்டம் என்ற வினாக்களையும் கொண்டுசெல்லட்டும். அவற்றைக் கேட்காத பொருளியல், பாதிக் கணக்கே.